204 கிராம் மடக்குக் கத்தி: பந்தல் வேலைக்கு ஆகுமா?

பக் 110 என்கிற அமெரிக்க மடக்குக் கத்தியை முதல் தடவை கையில் வாங்குகிற யாரும் "ஏ, என்ன கனம் கனக்கு!" என்று சொல்லாமல் விடுவதில்லை. எங்கள் பந்தல் பையன்கள் அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். சொன்ன கையோடு திருப்பித் தர மனசில்லாமல் இன்னொரு தடவை விரித்துப் பார்ப்பார்கள். அலகு முழுசாக விரிந்ததும் பூட்டு விழுகிற ‘டக்’ சத்தம் இருக்கிறதே, கத்தியை விற்றுக் கொடுப்பதே அந்தச் சத்தம்தான் என்று நினைக்கிறேன்.

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், ஆற்றங்கரை ஊர்களில் பந்தல் போடுகிறவன் நான். கலியாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, துட்டி வீடு எல்லாம் உண்டு. மச்சினன் கப்பலில் வேலை பார்க்கிறான். அமெரிக்காவில் ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது ஆசைப்பட்டு இதை வாங்கிவிட்டான். ஊருக்கு வந்த பிறகு அவனுக்கு இதை வைத்து அறுக்க ஒன்றும் இல்லை. "அத்தான், நீங்க வேலைக்கு வச்சிப் பாருங்க. புடிச்சா நாலாயிரம் குடுங்க, இல்லைன்னா பெட்டில போட்டு வச்சிருதேன்" என்றான். சித்திரை, வைகாசி கொடைச் சீசன் முழுக்க அது என் இடுப்பில் கிடந்தது. இங்கே கடையில் புதுசாக வாங்கினால் ஐயாயிரத்துக்குக் குறையாது என்பதால் நாலாயிரம் நியாயமான விலைதான். கேள்வி விலையைப் பற்றியது இல்லை.

மடக்கினால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அலகு மூன்றே முக்கால் அங்குலம், முதுகுப் பக்கம் 3 மில்லிமீட்டர் தடிமன். சட்டமும் இரண்டு முனைப் பூணும் பித்தளை, நடுவில் கருங்காலி பதித்திருக்கிறான். கருங்காலி மாலைக்கு ஊரே அலைகிற காலத்தில் இதைப் பார்த்துவிட்டு "இதையும் கழுத்துல போட்டுக்கிடலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கம்பெனிக் கணக்குப்படி எடை 204 கிராம். பலசரக்குக் கடைத் தராசிலும் ஏறக்குறைய அதுதான் காட்டியது. கத்தரி, ரம்பம், பூதக்கண்ணாடி என்று 33 வேலைக்கு ஆயுதம் வைத்திருக்கிற விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்சாம்ப்பே 185 கிராம்தான். இதில் இருப்பது ஒரே ஒரு அலகு. கனம் முழுக்கப் பித்தளைக்குப் போய்விட்டது.

இந்தக் கத்தி எதற்குப் பிறந்தது என்று தெரிந்தால் கனத்தின் நியாயம் புரியும். ஹாய்ட் பக் என்ற கொல்லர், கான்சாஸில் பட்டறை வேலை பழகுகிற காலத்தில், 1902-இல், தேய்ந்துபோன அரத்தைக் கத்தியாக அடித்துத்தான் தொழிலைத் தொடங்கினார். அவர் மகன் ஆல் பக் காலத்தில், 1964-இல், இந்த 110 வந்தது. வேட்டைக்குப் போகிறவன் இடுப்பில் நீளக் கத்தியைத் தொங்கவிட்டு நடக்க வேண்டாம். மடக்கி வைத்துக்கொள்ளலாம், விரித்தால் பூட்டிக்கொண்டு நீளக் கத்தி மாதிரியே நிற்கும். அந்த யோசனைக்குக் கிடைத்த வரவேற்பில்தான் கம்பெனி வளர்ந்தது. இப்போது ஐடஹோ மாநிலத்தில் போஸ்ட் ஃபால்ஸ் என்ற ஊரில் செய்கிறார்கள். ஆக, தரையில் குந்தி உட்கார்ந்து மான் தோல் உரிக்கிறவனுக்காகச் செய்த கத்தி இது. அந்த ஆசையோடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துப் பக்கம் போனால் கம்பி எண்ண வேண்டியதுதான். நமக்குக் கயிறும் ஓலையும் வாழையும்தான் வேலை.

வாங்குவதற்கு முன்னால் பட்டறைக்கு ஒரு எட்டு போய் ஆசாரியிடம் காட்டினேன். எங்கள் வெட்டருவாள்கள் எல்லாம் லாரிப் பட்டையில் அவர் அடித்துக் கொடுத்தவை. அவர் கத்தியை வாங்கியதும் கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரித்து, அலகின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. கட்டைவிரல் நகத்தில் வாயை லேசாக வைத்து இழுத்தார். அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே ஏந்திப் பிடித்து முதுகிலிருந்து வாய்வரை கண்ணை ஓட்டினார்.

"ரெண்டு பக்கமும் குழிச்சு இழைச்சிருக்காம் பாரு. தோய்ச்சல் போட்டவன் கெட்டிக்காரப் பய. ஆனா இது அறுக்கதுக்கு உள்ளது தம்பி. ஓங்கிப் போட்டன்னா வாய் போயிரும்."

"நாம இத எதுக்கு ஓங்கிப் போடப் போறோம்? அதுக்குத்தான் நீங்க அடிச்ச அருவா இருக்கே?"

"அப்பம் இந்தக் கனம் எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஊதுலைப் பக்கம் திரும்பிவிட்டார்.

தோய்ச்சலைப் பற்றி அவர் சொன்னது சரி. 420ஹெச்சி என்கிற எஃகு இது. உயர்ந்த ரகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பால் பாஸ் என்ற பதம் வைக்கிற நிபுணரின் முறையில் சூடேற்றித் தோய்ப்பதால், அதே எஃகில் வருகிற மற்றக் கத்திகளைவிட இது வாய் நிற்கும் என்ற பேர் உண்டு. குரோமியம் 13 சதவீதம் அளவில் இருப்பதால் துரு சீக்கிரம் ஏறாது.

வேலையில் எப்படி என்றால், கயிறு அறுப்பதில் மட்டும் இதற்கு முழு மார்க். தும்புக் கயிறு கத்தியைத் தின்கிற சாமான். மண்ணும் தூசியும் புரிக்குள்ளே ஏறிக் கிடக்கும். சாதாரணக் கத்தி காலையில் தாடி வழித்தால் சாயங்காலம் வெண்ணெய் வெட்டாது. இது ஒரு கொடைப் பந்தலுக்கு, கம்பு கட்டுவதிலிருந்து கடைசி முடிச்சு அவிழ்ப்பதுவரை, கல்லைத் தேடாமல் தாங்கியது. கயிற்றுக்கு அடியில் அலகைக் கொடுத்து மேலே இழுத்தால் போதும், கனமான கைப்பிடி உள்ளங்கையை நிறைத்து நிற்பதால் விரல் வலிக்காது. நாள் முழுக்கக் கயிறு அறுக்கிறவனுக்கு இது பெரிய சுகம். கட்டர் பிடித்துப் பழகிய கை ராத்திரி மரத்துப்போவது பந்தல்காரனுக்குத் தெரியும்.

வாசலில் வாழைமரம் கட்டி, அதோடு தென்னம்பாளை, செவ்விளநீர்க் குலை, ஈச்சங்குலை எல்லாம் சேர்த்து நிறுத்துகிற வேலையிலும் குறை சொல்ல முடியாது. வாழைக்கறை சாதாரண இரும்பில் பட்டால் அரை மணி நேரத்தில் கறுத்துப்போகும். இதில் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது. குருத்தோலைத் தோரணத்துக்கு ஓலையை ஈர்க்கிலிருந்து கிழிக்க, முனை வளைந்து கூர்ந்திருப்பது தோதாக இருக்கிறது. கூர்ந்திருக்கிறதே என்று அதை வைத்து ஆணி நெம்பக் கூடாது. முனை மெல்லிசு.

மூங்கிலில்தான் சுணங்குகிறது. முளைக்குச்சி சீவும்போது வாய் நன்றாக இறங்கும். கொஞ்சம் உள்ளே போனதும் குழித்த இடம் முடிந்து தடித்த முதுகு தொடங்குகிற தோளில் வந்து சிக்கிக்கொள்ளும். மாங்காய் நறுக்கினாலும் இதே கதை, கீற்றாக விழாமல் வெடித்துப் பிளக்கும். ஆசாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததே அந்தத் தோளைத்தான்.

இனி ஏணிக்கு வருவோம். பந்தல் வேலையில் பாதி நேரம் ஏணியிலோ சாரக் கம்பிலோதான். இடது கை மூங்கிலைக் கட்டிப் பிடித்திருக்கும், வலது கையில் கயிற்றின் நுனி. அந்த நேரத்தில் இந்தக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். அலகில் ஒரு நகக்கீறல்தான் இருக்கிறது, கட்டைவிரலால் தள்ள குமிழ் கிடையாது. பூட்டு முதுகுப் பக்கம், கைப்பிடியின் பின்முனையில். மடக்கவும் இன்னொரு கை வேண்டும். எங்கள் பையன்கள் பல்லால் கடித்துத் திறந்தார்கள். நான் பார்த்து வைதேன். விரித்தபடியே இடுப்பில் செருகிக்கொண்டு ஏறலாமே என்று ஒருவன் கேட்டான். மடக்குக் கத்தி வாங்குவதே செருகாமல் இருக்கத்தானே, கோட்டிப் பயலே!

மேலே இருந்து நழுவினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. ஒரு சடங்கு வீட்டில் சாமியானாக் கயிறு இழுக்கிற அவசரத்தில் பையன் கையிலிருந்து விழுந்தது. கீழே சமையல்காரர் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சிமென்ட் தரையில் மோதி, பித்தளைப் பூணில் ஒரு நசுங்கல். நல்ல வேளை, மடங்கி இருந்தது. கட்டர் விழுந்தால் தலையில் ஒரு கீறல். இருநூறு கிராம் பித்தளை பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம் என்றால் இதில் துளையும் இல்லை.

சுமந்து திரிவது அடுத்த பாடு. தோலுறை கொடுக்கிறார்கள், பெல்ட்டில் கோத்துக்கொள்ளலாம். ஜீன்ஸ் போடுகிறவனுக்குச் சரி. வேலைக்குச் சாரம் உடுத்துகிறவன் என்ன செய்ய? நான் பச்சை பெல்ட் கட்டுவேன். அதில் இந்த உறையைக் கோத்தால் சாரம் ஒரு பக்கமாக இறங்குகிறது. கம்பு தூக்கக் குனிகிறபோதெல்லாம் இடுப்பு எலும்பில் இடிக்கிறது. சட்டைப் பையில் போட்டால் பை கிழிகிறது. கடைசியில் சாமான் பைக்குள்ளேதான் போட்டு வைத்தேன். பைக்குள் கிடக்கிற கத்திக்கு மடங்குகிற வசதி எதற்கு என்று அப்போதுதான் யோசனை ஓடியது.

நம்ம பக்கத்துக்கே உள்ள இன்னொரு விஷயம், வாகனச் சோதனை. சட்டத்தில் இந்தக் கத்திக்கு ஒன்றும் தடை இல்லை. 2016-இன் ஆயுத விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால்தான் உரிமம் என்ற பேச்சு வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதிலும் சேராது. இது நாலு அங்குலம்கூட இல்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் அருவாளுக்கு இருக்கிற பேர் உங்களுக்குத் தெரியும். கொடை நடக்கிற ஊரில் பந்தோபஸ்து போட்டிருக்கிற நேரம், ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கில் வருகிறவன் இடுப்பில் பித்தளை மின்னுகிற கத்தி இருந்தால் எவர் கண்ணிலும் அது தொழில் சாமானாகப் படாது. என்னை நிறுத்தினார்கள். குட்டியானையில் பின்னால் வந்த கயிறையும் கிடுகையும் காட்டின பிறகு விட்டுவிட்டார்கள். அதே பையில் இரண்டு அடி வெட்டருவாள் கிடந்தது, அதை ஒருத்தரும் கேட்கவில்லை! பந்தல்காரன் பையில் அருவாள் இருக்கத்தான் செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். விமானத்தில் போகிறவர்கள் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும், கையோடு கொண்டுபோக முடியாது. மச்சினன் அப்படித்தான் கொண்டுவந்தான்.

பராமரிப்பு பெரிய பாடில்லை. சாதாரணக் கார்போரண்டம் கல்லில், தண்ணீர் விட்டு, மெல்லிசுப் பக்கம் நாலு இழுப்பு இழுத்தால் வாய் திரும்ப வந்துவிடும். தெருவில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிக்கிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சக்கரத்தில் பொறி பறந்தால், பாடுபட்டு வைத்த தோய்ச்சல் இறங்கிவிடும். கிடுகுத் தூசியும் தும்பும் பூட்டு விழுகிற பள்ளத்தில் அடைந்துகொள்ளும். அடைந்தால் பூட்டு பாதிதான் விழும், அந்த நிலையில் அழுத்தி அறுத்தால் விரல் போகும். பழைய பல் பிரஷால் தட்டி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். வேர்வை பட்டுப் பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும். தோலுறைக்குள்ளேயே கிடந்தால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். வீட்டில் அவள் குத்துவிளக்குத் தேய்க்கிற புளியை எடுத்து ஒரு தேய்ப்பு தேய்த்தாள், பளிச்சென்று ஆகிவிட்டது. புளி போட்டால் உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும், கீலுக்குள் புளிப்பு தங்கக் கூடாது.

இதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்தால், முதல் போட்டி ஒடிந்த ஆக்ஸா பிளேடு. பட்டறையில் தீட்டி, பாதிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் கத்தி தயார். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தொலைந்தால் துக்கம் இல்லை, ஏணியிலிருந்து விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பூக்காரர், இலைக்காரர், பந்தல்காரர் எல்லார் கையிலும் அதுதான் இருக்கிறது. மடங்காது, பையில் கையை விட்டால் குத்தும். அது ஒன்றுதான் குறை.

மடங்கவும் வேண்டும், லேசாகவும் இருக்க வேண்டும் என்றால் பிரான்ஸ்காரன் ஒப்பினல் 8-ஆம் நம்பர். 1890-இல் தொடங்கிய கம்பெனி, பீச் மரக் கைப்பிடி, அலகு எட்டரை சென்டிமீட்டர், எடை சுமார் 50 கிராம். கழுத்தில் ஒரு வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அலகு மெல்லிசு என்பதால் மாங்காயும் மூங்கிலும் இதில் சிக்காது. ஐப்பசி மழையில் மட்டும் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், திறக்க மல்லுக்கட்ட வேண்டும். அதற்கும் திறக்க இரண்டு கை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பக் கம்பெனியே இதே 110-ஐ நைலான் கைப்பிடி போட்டு, இரண்டு பக்கமும் கட்டைவிரல் குமிழும் பையில் மாட்டக் கிளிப்பும் வைத்து, ஸ்லிம் என்று விற்கிறது. அலகு அதே அளவு, எடை பாதிகூட வராது. பித்தளை இல்லை, கருங்காலி இல்லை, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏணியில் நிற்கிறவனுக்கு அழகு எதற்கு?

என் தீர்ப்பு இதுதான். உட்கார்ந்தோ நின்றோ தரையில் வேலை செய்கிறவர், நாள் முழுக்கக் கயிறோ தோலோ ரப்பரோ அறுக்கிறவர், கத்தியை மேசையிலோ வண்டி டேஷ்போர்டிலோ வைத்துக்கொள்கிறவர் தாராளமாக வாங்கலாம். கை வலிக்காது, நம்பி அழுத்தலாம், மகன் காலத்துக்கும் வரும். கத்தி சேர்க்கிற ஆசை உள்ளவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் எப்படியும் வாங்கிவிடுவார்கள். வாழைத் தோட்டம் சுற்றுகிறவர் யோசித்து வாங்கட்டும், வெட்டருவாளும் தொரட்டியும் எப்படியும் கையில் இருக்கும்போது நடுவில் இது செய்கிற வேலை கொஞ்சம்தான். மேலே ஏறி வேலை செய்கிற எங்களுக்கு இது வேண்டாம். கனமான வேலைக்கு அருவாள் இருக்கிறது, லேசான வேலைக்கு இந்தக் கனம் தேவையில்லை. நாலாயிரத்துக்கு ஆசாரியிடம் ஒரு அருவாளும் அடித்துக்கொண்டு, மிச்சக் காசில் பையன்களுக்கு ஆளுக்கொரு நல்ல கட்டரும் வாங்கிவிடலாம்.

மச்சினனிடம் போனில் சொன்னேன். "மூவாயிரம் குடுங்க அத்தான்" என்று இறங்கி வந்தான். ரெண்டாயிரம் என்றாலும் வேண்டாம் மாப்ள, அடுத்த தடவை அந்தப் பக்கம் கப்பல் போனால் ஸ்லிம் ஒன்று வாங்கி வா, அதற்கு முழு விலை தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு மாமனார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே வாங்கி விரித்து, வெற்றிலைச் செல்லத்திலிருந்து ஒரு பச்சைப்பாக்கை எடுத்துச் சீவிப் பார்த்தார். தாள் மாதிரி விழுந்தது. மடக்கிச் செல்லத்துக்குள் போட்டு மூடியவர்தான், கேட்டால் "கெடக்கட்டும்" என்கிறார். மச்சினன் மூவாயிரத்தை இனி அவன் அப்பாவிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.